நம் ஊருக்கு இரண்டு

பிப்ரவரி 11

தம்பிக்கு,

போனில் கூப்பிடாதே. நேற்று மட்டும் ஏழு தடவை கூப்பிட்டிருக்கிறாய். எடுத்தால் நீ அழுகிறாய். நீ அழுதால் நான்தான் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்று மாதமாக வருகிறவர்களுக்கெல்லாம் நானேதான் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இனி எதுவாக இருந்தாலும் எழுது. எழுதும்போது யாரும் அழுவது கேட்காது.

உன் மருமகள் வாலு தேறி வருகிறாள். தோள்பட்டை எலும்பு கூடிவிட்டது. பள்ளிக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறாள். எதிர்வீட்டு டீச்சர் தன் காரில் ஏற்றிக்கொள்கிறேன் என்றார். "பரவால்ல ஆன்ட்டி, எனக்கு பஸ்தான் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டாள். பஸ்ஸிலும் ஜன்னலோரம் உட்காருவதில்லை. பதினைந்து வயதுப் பெண் நின்றுகொண்டே போகிறது.

நான் ஆஸ்பத்திரி மருந்தகத்துக்கு வேலைக்குத் திரும்பிவிட்டேன். அங்கே யாரும் என்னைப் பார்ப்பதில்லை, சீட்டைத்தான் பார்க்கிறார்கள். அது நல்லதாக இருக்கிறது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். போன வாரம் நொறுங்கிய வண்டியைப் பார்க்க இன்சூரன்ஸ் சர்வேயருடன் போயிருந்தேன். தண்ணீர் லாரி மோதியது உன் மாமா உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவில். தலை நேராகக் கதவுத் தூணில் இடித்ததில்தான் உயிர் போனது என்று டாக்டர் அப்போதே சொன்னார். சர்வேயர் வண்டியைச் சுற்றி வந்து, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்: "இதே வண்டி ஐரோப்பாவுல ஆறு ஏர்பேக்கோட வருது மேடம். நமக்கு அனுப்புறது ரெண்டு. அதுவும் முன்னாடி. பக்கத்துல இடிச்சா அதுங்களுக்கு வேலையே கிடையாது."

நீ அங்கே துறைமுகத்தில் தினமும் அந்த வண்டியைத்தான் கப்பலில் ஏற்றுகிறாய். அவர் சொன்னது உண்மையா?

அக்கா


பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு நாள் பிரிக்காமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். நீ கையால் எழுதி நான் பார்த்ததே இல்லை, மருந்துச் சீட்டில் கிறுக்குவதைத் தவிர.

என் வேலையைப் பற்றி உங்களுக்கெல்லாம் பெரிதாகத் தோன்றுகிறது. தொழிற்சாலையிலிருந்து ரயிலில் வரும் புதுக் கார்கள் பெரிய மைதானத்தில் வரிசையாக நிற்கும். அவற்றை ஒவ்வொன்றாக ஓட்டிக் கப்பலுக்குள் நிறுத்த வேண்டும். பிறகு ஒரு வேன் எங்களை மறுபடி மைதானத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஒரு நாளைக்கு நாற்பது புதுக் கார் ஓட்டுகிறேன், எதையும் அரை கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியதில்லை. இதுதான் நான். கார் நிபுணன் ஒன்றும் இல்லை.

சர்வேயர்கள் ஆயிரம் சொல்வார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி அனுப்புவது உண்டுதான். எது எவ்வளவு என்று இங்கே விசாரித்துச் சொல்கிறேன்.

அக்கா, ஒழுங்காகச் சாப்பிடு. வாலுவிடம் நான் பேசுவேன் என்று சொல். மருமகள் என்மேலும் கோபமாக இருக்கிறாளா?

உன் தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

சாப்பிடுகிறேன். வாலுவுக்கு உன்மேல் கோபம் இல்லை. அவளுக்கு நான் இன்னும் எதுவும் காட்டவில்லை.

உன் மாமாவின் மேசையைச் சுத்தம் செய்தபோது ஒரு நோட்டு கிடைத்தது. அவரைத்தான் உனக்குத் தெரியுமே. லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று எழுதுகிற மனிதர், சட்டை வாங்கினாலும் பட்டனை இழுத்துப் பார்ப்பார். நோட்டில் மூன்று ஐரோப்பிய வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டம் போட்டு எழுதியிருக்கிறார். பின் சீட்டின் அகலம், பிரேக், டயர், சர்வீஸ் எத்தனை தெரு தள்ளி என்பது வரை இருக்கிறது. முதல் வண்டி: ஏர்பேக் 2, மேலே ஒரு அடித்தல். அதைக் கழித்துவிட்டார். இரண்டாவது வண்டி: ஏர்பேக் 4, கீழே இரண்டு கோடு. பக்கத்தில், "இதுவே போதும்" என்று எழுதியிருக்கிறார். மூன்றாவது, நாங்கள் வாங்கிய வண்டி. அதில் எழுதியிருப்பதை அப்படியே எழுதுகிறேன்:

"ஏர்பேக் 6. மச்சான் உறுதி."

மற்ற இரண்டுக்கும் ஷோரூமில் போய்க் கேட்டு எழுதியிருக்கிறார். இதற்கு மட்டும் உன் வாய்ச்சொல். நீ போனில் பேசியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் கேட்டார், "அங்க நீ ஏத்துற வண்டியும் இங்க வர்றதும் ஒண்ணுதானா?" நீ என்ன சொன்னாய் என்பது எனக்குக் கேட்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டே, "அப்போ கண்ணை மூடிட்டு வாங்கலாம்னு சொல்றே" என்றார். அவர் கண்ணை மூடிக்கொண்டு எதையும் வாங்கியவர் இல்லை. உன் பேச்சைக் கேட்டு அந்த ஒரு தடவைதான்.

என் மருந்தகத்தில் ஒரே பெயரில் 250ம் இருக்கிறது, 500ம் இருக்கிறது. பெட்டியும் ஒரே நிறம். ஆனால் எது எதுவென்று மேலேயே போட்டிருக்கும். இந்த வண்டியின் பின்னால் பெயர் மட்டும்தான் இருந்தது.

விசாரித்துச் சொல்கிறேன் என்றாய். எந்த நாட்டுக்கு எத்தனை என்று பட்டியலாக எழுது. சுற்றி வளைக்காதே.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டபடி எழுதுகிறேன். வண்டியின் முன் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், எந்த நாட்டுக்குப் போகிறது என்பதற்கு ஒரு எழுத்து. ஓட்டுகிற எங்களுக்கு அந்த எழுத்துதான் தெரிய வேண்டும், எந்தக் கப்பல், எந்தத் தளம் என்று. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. இந்த மூன்று வாரமாக நான் பார்த்தேன்.

வடக்கே குளிர் நாடுகளுக்குப் போகிறவற்றில் ஏழு. ஓட்டுபவரின் முழங்காலுக்குக் கூட ஒன்று. முன்னால் யாராவது குறுக்கே வந்தால் தானாகவே பிரேக் பிடிக்கும். தெற்கு ஐரோப்பாவுக்கு ஆறு. இந்த இரண்டிலும் ஸ்டியரிங் இடது பக்கம், அதனால் நம் ஊர் வண்டியோடு ஒப்பிட முடியாது என்று யாராவது சொல்லலாம். அப்படிச் சொல்ல வழியில்லை. கடல் நடுவே உள்ள ஒரு நாட்டுக்கு நம்மைப் போலவே வலது பக்க ஸ்டியரிங்கோடு போகிறது. அதிலும் ஆறு இருக்கிறது. நமக்குப் பக்கத்து நாட்டுக்கு நான்கு, அதுவும் விலை கூடிய ரகத்தில் மட்டும். நம் ஊருக்கு இரண்டு. விலை கூடிய ரகத்திலும் இரண்டுதான். ஆறு உள்ள வண்டி நம் ஊரில் விற்பனைக்கே இல்லை. கேட்டாலும் கிடைத்திருக்காது.

எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவில் உள்ள தூணின் உச்சியில் ஏர்பேக் என்று பொறித்திருக்கும். இல்லாத வண்டியில் அங்கே வெறும் பிளாஸ்டிக் மூடி. சீட்டின் ஓரத்தில் தைத்த சின்னத் துணித் துண்டும் இருக்காது.

நம் ஊருக்கு அதிகமாகக் கொடுப்பவையும் இருக்கின்றன. மேலே திறக்கிற கண்ணாடிக் கூரை, பின் சீட்டுக்குத் தனி ஏசி, முன்னால் பளபளவென்று வெள்ளிப் பட்டை. எந்த நாட்டு வண்டிக்கும் இல்லாத பெரிய ஹாரன் நமக்குத்தான்.

மாமாவின் நோட்டில் இருக்கிற இரண்டாவது வண்டி வேறு கம்பெனி. எல்லா நாட்டுக்கும் நான்குக்குக் குறையாமல் அனுப்புகிறார்கள். மாமா சரியாகத்தான் கோடு போட்டிருந்தார்.

அக்கா, எனக்கும் இதெல்லாம் இப்போதுதான் தெரிகிறது. பெயர் ஒன்று, வடிவம் ஒன்று. வண்டியும் ஒன்று என்றுதான் நானும் நினைத்தேன்.

உன் தம்பி


ஏப்ரல் 19

தம்பிக்கு,

பட்டியலை வக்கீலிடம் காட்டினேன். நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுவிட்டோம். எனக்கு நஷ்டஈடு வேண்டாம். அங்கே உள்ளவர் தலைக்கு ஒரு கணக்கு, இங்கே உள்ளவர் தலைக்கு வேறு கணக்கு என்று வைத்தோம், அதைச் சொல்லாமல் விற்றோம் என்று அவர்கள் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

வக்கீல் நல்ல மனுஷி, பேச்சு மட்டும் வெடுக்கென்று இருக்கும். "உங்க தம்பி லெட்டர்ல எழுதினா அது லெட்டர். சாட்சியா எழுதிக் கையெழுத்துப் போட்டு, போட்டோவோட அனுப்பினாத்தான் பேப்பர்" என்றார். ஆகையால் இரண்டு வண்டியையும், நம் ஊருக்குப் போவது ஒன்று, அந்தத் தீவு நாட்டுக்குப் போவது ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்டிக்கர் தெரிகிற மாதிரி, தூண் தெரிகிற மாதிரிப் படம் எடுத்து அனுப்பு. நீ அங்கே என்ன வேலை செய்கிறாய், எத்தனை வருடமாக என்பதையும் எழுதிக் கையெழுத்திடு.

வாலு நேற்று உன்னைப் பற்றிக் கேட்டாள். "மாமா ஏம்மா போன் பண்றதில்ல?" நான்தான் வேண்டாமென்றேன் என்று சொன்னேன். "ஏன்?" என்றாள். பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

அக்கா


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மைதானத்துக்குள் படம் எடுக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். பிடிபட்டால் அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். வேலை போனால் இங்கே தங்கும் அனுமதியும் ஆட்டம் காணும். நிரந்தர அனுமதிக்கு இன்னும் பதினான்கு மாதம்தான் இருக்கிறது. ஒன்பது வேலை மாறி, கடைசியில் இந்த ஒன்றில்தான் ஐந்து வருடம் நின்றிருக்கிறேன். உனக்கே தெரியும்.

கம்பெனியின் சொந்த வலைத்தளத்திலேயே ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனிப் பக்கம் இருக்கிறது. வக்கீல் அதை எடுத்துக்கொள்ளலாமே. என்னை இதில் இழுக்காமல் முடியாதா?

கோபப்படாதே அக்கா. யோசித்துப் பார்.

உன் தம்பி


ஜூன் 8

தம்பிக்கு,

யோசித்துப் பார்த்தேன்.

வலைத்தளத்தை ஒரே வாரத்தில் மாற்றிவிடலாம், அது செல்லாது என்கிறார் வக்கீல்.

உன் மாமா உன்னை "டூரிஸ்ட்" என்று கூப்பிடுவார். "என்னப்பா டூரிஸ்ட், இந்த மாசம் எந்தக் கம்பெனி?" என்பார். நான் ஒவ்வொரு தடவையும் உனக்காக அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். ஒரு வாரம் பேசாமல் கூட இருந்திருக்கிறேன்.

போட்டிருக்க வேண்டாம்.

அக்கா


ஆகஸ்ட் 3

அக்கா,

இதோடு ஒரு உறை இருக்கிறது. அதில் பதினோரு படங்களும், நான் எழுதிக் கையெழுத்திட்ட நான்கு பக்க வாக்குமூலமும் இருக்கின்றன. இங்கே நோட்டரி ஒருவரிடம் முத்திரை வாங்கியிருக்கிறேன். வக்கீல் கேட்டது எல்லாம் இருக்கும்.

வாக்குமூலத்தில் மூன்றாம் பக்கத்தை நீ படிப்பாய். படிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். வக்கீல் வாயால் நீ கேட்கக் கூடாது.

எனக்கு முன்பே தெரியும்.

மாமா போன் செய்வதற்கு மூன்று மாதம் முன்பு, மழை நாள் ஒன்றில், கப்பல் தாமதமானதால் நாங்கள் வண்டிகளுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். நான் உட்கார்ந்திருந்தது நம் ஊருக்குப் போகிற வண்டி. கை சும்மா இல்லாமல் தூணில் இருந்த பிளாஸ்டிக் மூடியைத் தடவிக்கொண்டிருந்தேன். ஃபோர்மேனிடம், இங்கே மட்டும் ஏன் மூடி போட்டிருக்கிறது என்று கேட்டேன். அவன் தன் பாஷையில் சொன்னதன் அர்த்தம் இதுதான்: அந்த ஊர்க்காரர்கள் இதைக் கேட்பதில்லை, கேட்டால்தானே வைப்பார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அக்கா. நம் ஊர் என்று சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து மாமா கூப்பிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் எதைப் பற்றியும் கருத்துக் கேட்டதில்லை. எந்த ஊரில் இருக்கிறாய், என்ன சம்பளம், இரண்டே கேள்விதான். அன்றைக்கு, "மச்சான், உன் ஒபீனியன் ஒண்ணு வேணும். நீதான் அந்த வண்டியோட பழகுறவன்" என்றார். டூரிஸ்ட் என்று சொல்லவில்லை. மச்சான் என்றார். எனக்கு ஒரு அடி உயர்ந்த மாதிரி இருந்தது.

"இங்க வர்றதும் அதே வண்டிதானா?" என்று கேட்டார். வேறு என்று சொன்னால் அடுத்து என்ன வேறு என்று கேட்பார். எனக்கு அந்த மூடி ஒன்றுதான் தெரியும். மற்றது எதுவும் தெரியாது. தெரியாது என்று சொன்னால் பழைய டூரிஸ்ட் ஆகிவிடுவேன். "அதேதான் மாமா. ஆறு ஏர்பேக், கண்ணை மூடிட்டு வாங்குங்க" என்றேன். நிபுணன் மாதிரிப் பேசினேன். அவர் நம்பினார்.

ஏப்ரலில் இப்போதுதான் தெரியும் என்று உனக்கு எழுதியதும் பொய்தான்.

படங்கள் எடுத்ததை யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வாக்குமூலத்தில் என் பெயரும் கம்பெனி அடையாள எண்ணும் இருக்கின்றன. எப்படியும் தெரியவரும். வரட்டும்.

உன் தம்பி


ஆகஸ்ட் 20

உறை வந்தது. மூன்றாம் பக்கத்தையும் படித்தேன். வக்கீலிடம் கொடுத்துவிட்டேன்.

வாலுவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வேனா என்று தெரியவில்லை.

இனி எழுதாதே.


டிசம்பர் 14

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இந்த ஒன்று மட்டும்.

முகவரி மாறியிருக்கிறது, உறையின் பின்பக்கம் பார். தபால் ஏதாவது அனுப்புவதாக இருந்தால் பழைய முகவரிக்கு அனுப்ப வேண்டாம். அங்கே இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

நவம்பரில் கூப்பிட்டு விசாரித்தார்கள். மேசைமேல் என் வாக்குமூலத்தின் நகல் இருந்தது. கம்பெனி வக்கீல் மூலம் வந்திருக்கிறது. கையெழுத்து என்னுடையதுதானா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். பத்து நிமிடம்தான். ஃபோர்மேன் வாசல் வரை வந்தான், கை கொடுக்கவில்லை. இப்போது பழைய டயர்களைத் தரம் பிரிக்கும் கிடங்கு ஒன்றில் இருக்கிறேன். அனுமதி மார்ச் வரை செல்லும். அதற்கப்புறம் வந்துவிட வேண்டியிருக்கும்.

இதை உன் இரக்கத்துக்காக எழுதவில்லை. வழக்கு டிசம்பரில் வருகிறது என்று அந்த விசாரணையில் சொன்னார்கள். என்ன ஆனது என்று மட்டும் தெரிந்தால் போதும். நீ எழுத வேண்டாம், வாலுவிடம் சொல்லி ஒரு வரி எழுதச் சொன்னாலும் சரி.

தம்பி


ஜனவரி 28

தம்பிக்கு,

வாலுவிடம் சொல்லவில்லை. நானே எழுதுகிறேன்.

வழக்கு தள்ளுபடி ஆகிவிட்டது.

எப்படி என்று உனக்குத் தெரிய வேண்டும். நம் வக்கீல் உன் படங்களையெல்லாம் வரிசையாக அடுக்கி, அரை மணி நேரம் பேசினார். இந்த வண்டியில் இது இருக்கிறது, அந்த வண்டியில் இல்லை என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். கம்பெனி வக்கீல் எழுந்தார். சின்ன வயது, மரியாதையான ஆள். "வித்தியாசம் இருக்குங்க. இல்லைன்னு நாங்க எப்ப சொன்னோம்?" என்றார். அவ்வளவுதான். எதை மெய்ப்பிக்க நீ வேலையை இழந்தாயோ அதை யாரும் மறுக்கவே இல்லை. அவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நம் வக்கீல் பேனாவை மூடிவிட்டார்.

பிறகு கம்பெனி வக்கீல் ஒரு தாளை எடுத்து நீட்டினார். வண்டி பதிவு செய்தபோது எழுதிக் கொடுத்த படிவம். வண்டி என் பெயரில்தானே. கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு வரி இருந்தது. விளம்பரத்தில் காட்டும் பாதுகாப்பு வசதிகள் நாட்டுக்கு நாடு மாறும், இந்த வண்டிக்கு உரியவை மறுபக்கத்தில் உள்ளன, படித்து ஏற்றுக்கொண்டேன் என்று. மறுபக்கத்தில் பட்டியல். ஒன்பதாவது வரியில் ஏர்பேக், அதற்கு நேரே இரண்டு. முன்பக்கத்தில் அந்த இரண்டு வரிக்குக் கீழே என் கையெழுத்து.

நீதிபதி கேட்டார், "இது உங்க கையெழுத்தாம்மா?" ஆமாம் என்றேன்.

"என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். மருந்தாளுநர் என்றேன். அவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஷோரூமில் பதினோரு இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். உன் மாமா வெளியே டயர்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே எட்டிப் பார்த்து, "பொடி எழுத்தெல்லாம் படிக்கிறவ நீதான். பாத்துப் போடு" என்றார். சரி என்று தலையாட்டினேன். சாம்பல் நிறமா வெள்ளையா என்று வாலுவும் நானும் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு வரி கூடப் படிக்கவில்லை. தினமும் முந்நூறு அட்டையின் பொடி எழுத்தைப் படித்துக் கொடுக்கிறவள், ஒரு பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. திருப்பியிருந்தால் உன் பேச்சு அன்றைக்கே பொய்யாகியிருக்கும். அவர் அப்படியே கிளம்பிப் போய் இரண்டாவது வண்டியைப் பதிவு செய்திருப்பார்.

ஒரு வருடமாக உன்னிடம் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ மூன்றாம் பக்கத்தில் எழுதினாய். நான் எழுத ஒரு பக்கமும் யாரும் கொடுக்கவில்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. என்னையும்தான்.

வாலுவிடம் இரண்டையும் சொல்லிவிட்டேன். உன்னுடையதையும் என்னுடையதையும் ஒரே மூச்சில். மறுநாள் காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது, "அப்பாகிட்ட ரெண்டு பேருமே பொய் சொல்லிட்டீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மணி எட்டாகிவிட்டது என்று சொல்வது மாதிரி சொன்னாள். நான் அவளோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே போதும் என்றிருந்தது.

இன்னொன்று நடந்தது, அதற்காகத்தான் முக்கியமாக இதை எழுத உட்கார்ந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை மருந்தகத்துக்கு ஒருவர் வந்தார், முப்பது வயதிருக்கும். குழந்தைக்குச் சளி, காய்ச்சல். சீட்டைத் தேட இரண்டு பையிலும் கை விட்டபோது சாவியை என் முன்னால் வைத்தார். நம் வண்டியைப் போன்ற வண்டியின் சாவி. கம்பெனியிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையைக் கூட இன்னும் கழற்றவில்லை.

"புது வண்டிங்களா?" என்றேன். வரிசையில் ஒன்பது பேர் நிற்கிறார்கள்.

"ஆமா மேடம். போன மாசம்தான் எடுத்தோம்." முகமெல்லாம் சிரிப்பு.

"பக்கவாட்டுல ஏர்பேக் இருக்கான்னு பாத்தீங்களா?"

"ஐரோப்பா வண்டி மேடம். அதெல்லாம் இல்லாமலா?"

மருந்துக் கவரில் காலை, இரவு என்று எழுதினேன். அதன் கீழே, முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவில் உள்ள தூணின் உச்சியைப் பார்க்கவும், எழுத்து இருக்கிறதா மூடி இருக்கிறதா என்று எழுதிக் கொடுத்தேன். அவர் கவரைப் படித்தார். என்னைப் பார்த்தார். புத்தி பேதலித்தவளைப் பார்க்கிற பார்வைதான். காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். உதவியாளர் பெண் என் கையைப் பிடித்து, "கொஞ்ச நேரம் உள்ள போய் உக்காருங்க அக்கா" என்றாள்.

சனிக்கிழமை அவர் மறுபடி வந்தார். மனைவியும் வந்திருந்தாள், இடுப்பில் குழந்தை. மருந்து வாங்க வரவில்லை. மற்றவர்கள் போகட்டும் என்று ஓரமாகக் காத்து நின்றார்கள். பிறகு அந்தப் பெண்தான் முன்னால் வந்தாள்.

"ரெண்டு பக்கமும் பாத்தோங்க. மூடிதான் இருக்கு" என்றாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சொன்னேன். எல்லாவற்றையும் இல்லை, தண்ணீர் லாரி வரை. அந்தப் பெண் குழந்தையின் தலைமேல் கை வைத்துக்கொண்டாள். அவர் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"வாங்கிட்டோமே" என்றாள் அவள். "இப்ப என்னங்க பண்றது?"

பெல்ட் போடுங்கள், மெதுவாகப் போங்கள், குழந்தையைப் பின் சீட்டில் நடுவில் உட்கார வையுங்கள் என்றேன். அவள் தலையாட்டிவிட்டு இன்னும் ஏதாவது சொல்வேன் என்பது மாதிரி நின்றாள். விசாரித்துச் சொல்கிறேன், அடுத்த மாதம் வாருங்கள் என்றேன்.

அவர்கள் கட்டாயம் வருவார்கள். இல்லாத வண்டியில் அதைப் பிறகு வாங்கிப் பொருத்த முடியுமா? ஐரோப்பாவில் எங்காவது அப்படிச் செய்து தருகிறார்களா? அந்த மூடிக்குப் பின்னால் அதற்கான இடமாவது விட்டிருக்கிறார்களா, இல்லை அதுவும் அடைத்திருக்கிறார்களா? நீ கையால் தொட்டுப் பார்த்தவன். தெரிந்தால் எழுது.

தெரியாவிட்டால், தெரியாது என்றே எழுது.

அக்கா